அமெரிக்காவின் பழைய வீடுகளும் மின்கசிவுக் காப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கும் இந்த நாட்களில், அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் வீட்டுக்குப் பெற்றோர் பலர் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருப்பார்கள். விசா, விமானப் பயணம், மருத்துவக் காப்பீடு, பெட்டியின் எடை ஆகியவை பற்றியெல்லாம் தங்கள் நாளிதழ் அவ்வப்போது பயனுள்ள செய்திகளை வெளியிட்டு வருகிறது. அவர்கள் போய்த் தங்கப்போகும் வீட்டின் சமையலறையிலும் குளியலறையிலும் உள்ள ப்ளக் பாயின்ட்களைப் பற்றி எவரும் எழுதி நான் பார்த்ததில்லை. 20 ஆண்டுகளுக்கும் மேலாக நியூ ஜெர்சியில் மின்பொறியாளராகப் பணியாற்றி வருபவன் என்ற முறையிலும், இந்த விஷயத்தில் என் சொந்த வீட்டிலேயே கவனக்குறைவாக இருந்து, அதன் விளைவை என் தாயார் அனுபவிக்கக் கண்டவன் என்ற முறையிலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நாங்கள் அப்போது வாடகைக்கு இருந்த வீடு 1954இல் கட்டப்பட்டது. நாங்கள் குடிபோவதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் சமையலறைக்குப் புதிய வண்ணம் பூசி, மேடைக்குப் புதிய கல் பதித்திருந்தார்கள். சுவரில் இருந்த ப்ளக் பாயின்ட்களும் வெள்ளை வெளேரென்று, மூன்று துளைகளுடன், புதியனவாகவே காட்சியளித்தன. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, 110 வோல்ட்டில் ஓடும் வெட் கிரைண்டரைச் சிங்க்கை ஒட்டி வைத்து, வாரத்துக்கு இரண்டு முறை மாவு அரைத்துவந்தார். வீட்டுக்குள் ஒருநாளும் செருப்பு அணிந்து பழகாத அவர், சமையலறையில் மட்டும் ரப்பர் செருப்புடன் நிற்பதைச் சில வாரங்கள் கழித்தே நான் கவனித்துக் காரணம் கேட்டேன். கிரைண்டரைத் தொட்டுக்கொண்டே குழாயைத் திறந்தால் கை சுர்ரென்று இழுக்கிறது என்றும், செருப்புப் போட்டுக்கொண்டால் கொஞ்சம் குறையும் என்று நினைத்ததாகவும், இந்த ஊர் மின்சாரம் 110 வோல்ட்தானே, பெரிதாக ஒன்றும் செய்யாது என்று பேசாமல் இருந்துவிட்டதாகவும் சொன்னார். ஒரு கையிலிருந்து மறு கைக்கு, அதாவது நெஞ்சின் குறுக்கே பாயும் மின்சாரத்தை எந்தச் செருப்பும் தடுக்காது. அதை அவரிடம் சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்கியது. மின்சாரமே என் தொழிலாக இருந்தும், குடிபோன அன்று அந்தச் சமையலறையில் ஒரே ஒரு பொத்தானைத் தேடிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நான் தேடாமல் விட்ட அந்தப் பொத்தான், மின்கசிவு ஏற்பட்டால் தானே மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்ளும் ப்ளக் பாயின்டின் முகப்பில் இருப்பது. இதை அமெரிக்காவில் ஜி.எஃப்.சி.ஐ. என்று அழைக்கிறார்கள். இரண்டு ப்ளக் துளைகளுக்கும் நடுவே, 'டெஸ்ட்' என்றும் 'ரீசெட்' என்றும் எழுதிய இரண்டு சிறிய பொத்தான்களைக் கொண்டு இதை எவரும் அடையாளம் காணலாம். எங்கள் சமையலறையில் அது ஒன்றுகூட இல்லை. மூன்று விளக்குகள் கொண்ட சோதனைக் கருவியைச் செருகிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மூன்றாவது துளை, அதாவது எர்த்துக்கான துளை, வெறும் துளையாக மட்டுமே இருந்தது; அதன் பின்னால் எந்தக் கம்பியும் இணைக்கப்படவில்லை. 1960களின் தொடக்கம்வரை கட்டப்பட்ட அமெரிக்க வீடுகள் பலவற்றில் ப்ளக் பாயின்டுக்கு ஃபேஸ், நியூட்ரல் என இரண்டு கம்பிகள் மட்டுமே ஓடுகின்றன. இரண்டு துளைகள் கொண்ட பழைய ப்ளக் பாயின்டைக் கழற்றிவிட்டு, கண்ணுக்கு அழகாக மூன்று துளைகள் கொண்டதை அங்கே மாட்டுவது எளிது. அதை மாட்டியவர் யாரென்று எனக்குத் தெரியாது. அது விதிக்குப் புறம்பானது மட்டுமல்ல, அந்த மூன்றாவது துளையை நம்பிக் கருவியைச் செருகுகிறவரை ஏமாற்றுவதும் ஆகும். கிரைண்டரின் மோட்டாருக்குள் ஈரம் புகுந்து, அதன் உலோக உடலுக்கு மின்சாரம் கசிந்திருந்தது. எர்த் கம்பி இருந்திருந்தால் அந்தக் கசிவு அதன் வழியே போயிருக்கும். அது இல்லாததால், குழாயில் கை பட்ட நேரமெல்லாம் என் தாயாரின் உடலே அந்தக் கம்பியாக இருந்தது.

சுவரில் இருக்கும் பிரேக்கர் பெட்டி இத்தகைய நேரத்தில் காப்பாற்றும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அது அவ்வாறு காப்பாற்றாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்க வீடுகளில் ப்ளக் பாயின்ட்களுக்கான பிரேக்கர் பெரும்பாலும் 15 அல்லது 20 ஆம்பியர் அளவுடையது. கம்பி அளவுக்கு மீறிச் சூடாகித் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வதே அதன் வேலை. மனித இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்கச் செய்து உயிரைப் பறிக்க, ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே, அதாவது 100 மில்லி ஆம்பியரே போதுமானது. நனைந்த உடலின் மின்தடையைச் சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், பேச்சில் 110 என்று சொன்னாலும் அமெரிக்க வீடுகளுக்கு உண்மையில் வரும் 120 வோல்ட்டில் உடலுக்குள் பாய்வது 120 மில்லி ஆம்பியர். 15 ஆம்பியர் பிரேக்கருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஒரு சிறிய விளக்கு எரிவதாகவே அது எடுத்துக்கொள்ளும். ஊரில் 230 வோல்ட்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு 120 வோல்ட் என்பது பாதி வலிமையாகத் தோன்றுவது இயல்பு. ஈரக்கையுடன் நிற்பவருக்கு அந்தப் பாதியே உயிரைக் குடிக்கப் போதும் என்பதை, பயணம் புறப்படும் முன்பே பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும்.

இந்த அளவுகள் ஒரு மனிதரின் நெடுநாள் உழைப்பால் நமக்குக் கிடைத்தவை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியல், தாமாக முன்வந்த ஆண்களையும் பெண்களையும் கொண்டு, கையில் பிடித்த மின்கம்பியை ஒருவர் தன் விருப்பப்படி விட முடிகிற மின்னோட்டத்தின் எல்லை எது என்று அளந்தார். அந்த எல்லையைத் தாண்டினால் கைத்தசைகள் தாமே இறுகிக்கொள்ளும். விட வேண்டும் என்று மனம் துடித்தாலும் கை விடாது. ஆண்களில் இந்த எல்லை சராசரியாகச் சுமார் 16 மில்லி ஆம்பியர் என்றும், பெண்களில் சுமார் 10.5 மில்லி ஆம்பியர் என்றும் அவர் கண்டார். சராசரிக்கும் கீழே, பெண்களில் மிக எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு இது ஏறத்தாழ 6 மில்லி ஆம்பியராக இருந்தது. 1961இல் அவர் வடிவமைத்த கருவிதான் இன்றைய ஜி.எஃப்.சி.ஐ.க்கு முன்னோடி. வீடுகளில் பொருத்தப்படும் ஏ வகைக் கருவி, கசிவு 4 முதல் 6 மில்லி ஆம்பியருக்குள் எட்டியதும் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்று, யு.எல். என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனத்தின் 943ஆம் எண் தரநிலை கூறுகிறது. கம்பியைத் தொட்டவர் அதைத் தாமே உதறிவிடக்கூடிய நிலையில் இருக்கும்போதே மின்சாரம் நின்றுவிட வேண்டும் என்பது இதன் கருத்து. நம் நாட்டில் வீடுகளின் மெயின் போர்டில் வைக்கப்படும் மின்கசிவு முறிப்பான் 30 மில்லி ஆம்பியரில் இயங்குவது. அது இதயத்தைக் காக்கும் நோக்குடையது. ஜி.எஃப்.சி.ஐ.யோ கை இறுகிப்போவதற்கும் முன்பே குறுக்கிடுவது. வீடு முழுவதற்கும் ஒன்றாக இல்லாமல், ஆபத்து இருக்கும் இடத்துக்கென்றே தனியாக இதை வைப்பதால்தான் இவ்வளவு நுட்பமான அளவைப் பயன்படுத்த முடிகிறது என்பது என் கருத்து. ஒரு வீட்டின் எல்லாக் கருவிகளிலும் இயல்பாகவே கசியும் சிறு துளிகள் ஒன்றுசேர்ந்தால் 5 மில்லி ஆம்பியரை எளிதில் தாண்டிவிடும்.

இக்கருவி வேலை செய்யும் விதம் எளிமையானது. ஃபேஸ் கம்பியில் போகும் மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் கம்பியில் திரும்பி வர வேண்டும். இரண்டு கம்பிகளும் உள்ளே ஒரு வளையத்தின் நடுவே செல்கின்றன. போனதும் வந்ததும் சமமாக இருக்கும்வரை வளையம் எதையும் உணராது. போனதில் ஒரு பகுதி வேறு வழியாக, அதாவது ஒரு மனித உடலின் வழியாகவோ ஈரமான மேடையின் வழியாகவோ நிலத்துக்கு இறங்கிவிட்டால், அந்த வேறுபாட்டை வளையம் உணர்ந்து, கசிவு பெரிதானால் ஒரு நொடியில் 40இல் ஒரு பங்கு போன்ற மிகச் சிறிய நேரத்தில் இணைப்பை அறுத்துவிடும். இதற்கு எர்த் கம்பி தேவையே இல்லை. எங்கள் வீட்டைப் போல இரண்டே கம்பிகள் ஓடும் பழைய வீட்டுக்கு இதைவிடப் பெரிய வரம் இருக்க முடியாது.

இப்படியொரு கருவி 60 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தும், எல்லா வீடுகளிலும் அது ஏன் இல்லை என்ற கேள்வி எழலாம். அதற்கான விடை, அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு வளர்ந்த முறையில் இருக்கிறது. 1897இல் முதன்முதலாக வெளிவந்த அந்தத் தொகுப்பைத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் இப்போது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடுகிறது. ஜி.எஃப்.சி.ஐ. காப்பு அதில் ஒரே நாளில் நுழைந்துவிடவில்லை. 1968இல் நீச்சல்குளத்தின் நீருக்குள் எரியும் விளக்குகளுக்கு முதலில் வந்தது. வீட்டுக்கு வெளியே உள்ள ப்ளக் பாயின்ட்களுக்கு 1973இலும், குளியலறைக்கு 1975இலும், கார் நிறுத்தும் அறைக்கு 1978இலும் வந்தது. சமையலறைக்கு 1987இல்தான் வந்தது. அதுவும் சிங்க்கிலிருந்து 6 அடிக்குள் மேடைமேல் உள்ளவற்றுக்கு மட்டுமே. மேடை முழுவதற்கும் வேண்டும் என்று ஆனது 1996இல். தளம் பூசி முடிக்காத நிலவறைகள் 1990இலும், துணி துவைக்கும் தொட்டியின் அருகிலுள்ள ப்ளக் பாயின்ட்கள் 2005இலும் சேர்ந்தன. பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கும், துணி துவைக்கும் இடம் முழுவதற்கும், குளியல் தொட்டியிலிருந்து 6 அடிக்குள் உள்ளவற்றுக்கும் 2014 பதிப்பு இக்காப்பை விரித்தது. 2020 பதிப்பு, அதுவரை 125 வோல்ட் ப்ளக் பாயின்ட்களோடு நின்றிருந்ததை 250 வோல்ட் வரை கொண்டுபோனது. 2023 பதிப்பில் சமையலறையின் ப்ளக் பாயின்ட் அனைத்தும், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் மறைந்திருப்பது உட்பட, இதற்குள் வந்துவிட்டன.

இந்த ஆண்டுகளை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒரு வீடு எந்த ஆண்டில் கட்டப்பட்டதோ, அந்த நாளில் அந்த ஊரில் நடைமுறையில் இருந்த விதியே பொதுவாக அந்த வீட்டுக்குரிய விதி. பிறகு வரும் திருத்தங்கள், ஏற்கெனவே நிற்கும் வீட்டின் சுவருக்குள் தாமாகப் புகுவதில்லை. தேசியத் தொகுப்பு என்று பெயர் இருந்தாலும், அது தானே சட்டமாகிவிடுவதும் இல்லை. மாநிலங்களும் சில இடங்களில் நகரங்களும் தத்தமக்கு உகந்த பதிப்பைத் தேர்ந்தெடுத்து, தேவையான மாற்றங்களுடன் சட்டமாக்கிக்கொள்கின்றன. கலிபோர்னியா இதைத் தன் பெயரிலேயே தனித் தொகுப்பாக வெளியிடுகிறது. ஆகவே 1972இல் கட்டிய வீட்டின் குளியலறையில் வாஷ்பேசினுக்கு மேலே சாதாரண ப்ளக் பாயின்ட் இருந்தால், அதை எவரும் சட்டமீறல் என்று சொல்ல முடியாமல் போகலாம். 1985இல் கட்டிய வீட்டில் குளியலறை பாதுகாப்பாகவும் சமையலறை பாதுகாப்பின்றியும் இருக்கலாம். அமெரிக்கா என்றால் எல்லாம் விதிப்படி இருக்கும் என்று நம்பித்தான் நம்மவர்கள் வீட்டுக்குள் நுழைகிறார்கள். நானும் அப்படித்தான் நுழைந்தேன். விதிப்படி இருப்பதும் பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றல்ல என்று, வீடு பார்க்கப் போகும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்திடமும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. வாடகைக்குப் பார்க்கும்போது பள்ளியின் தரத்தையும் அலுவலகத்தின் தொலைவையும் விசாரிக்கும் நாம், வீடு கட்டிய ஆண்டையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

விதித்தொகுப்பு பழைய வீடுகளை முற்றாகக் கைவிட்டுவிடவும் இல்லை. பழுதான ஒரு ப்ளக் பாயின்டை மாற்றும்போது, அந்த இடத்துக்கு இன்றைய விதி ஜி.எஃப்.சி.ஐ. காப்பைக் கோருமானால், புதிதாகப் பொருத்துவதற்கும் அந்தக் காப்பு இருந்தாக வேண்டும். எர்த் கம்பி இல்லாத இடத்தில், இன்றைய விதி அந்தக் காப்பைக் கோரவில்லையானால், இரண்டு துளைகள் கொண்டதையே மீண்டும் மாட்டலாம்; அல்லது ஜி.எஃப்.சி.ஐ.யை மாட்டி, அதில் எர்த் இணைப்பு இல்லை என்று அறிவிக்கும் சிறு வில்லையை ஒட்ட வேண்டும். அதற்கு அடுத்தடுத்து அதே கம்பியில் தொடரும் ப்ளக் பாயின்ட்களை மூன்று துளைகள் கொண்டவையாக வைப்பதற்கும் இடமுண்டு. ஆனால் அவற்றிலும் காப்பு இருப்பதையும் எர்த் இல்லாததையும் எழுதி ஒட்டியாக வேண்டும். எங்கள் வீட்டு உரிமையாளருக்கு நடந்ததை விவரித்துக் கடிதம் எழுதினேன். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரை அவர் அனுப்பினார். அரை நாளில் சமையலறையிலும் குளியலறையிலும் இந்த முறைப்படி வேலை முடிந்தது. சுவரை உடைக்கவோ புதிய கம்பி இழுக்கவோ தேவைப்படவில்லை. வாய்மொழியாகச் சொல்வதைவிட, வீடு கட்டிய ஆண்டு, எந்தெந்த இடங்களில் காப்பு இல்லை என்ற விவரம் ஆகியவற்றுடன் எழுத்தில் கேட்பது நல்லது. எர்த் இல்லாத ஜி.எஃப்.சி.ஐ. மனிதரைக் காக்கும், ஆனால் திடீர் மின்னழுத்த உயர்விலிருந்து கணினியைக் காக்க வைக்கும் சர்ஜ் காப்புக்கருவி தன் வேலையை முழுமையாகச் செய்ய எர்த் வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பொத்தான் கண்ணில் படவில்லை என்பதாலேயே காப்பு இல்லை என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. ஒரு ஜி.எஃப்.சி.ஐ. தன்னிடம் செருகியதை மட்டுமல்லாமல், தனக்குப் பின்னால் அதே கம்பியில் தொடரும் சாதாரண ப்ளக் பாயின்ட்களையும் காக்கும்படி இணைக்கப்படலாம். பிரேக்கர் பெட்டிக்குள்ளேயே பொத்தானுடன் கூடிய ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கராகவும் அது இருக்கலாம். 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் கட்டிய வீடுகள் பலவற்றில், கார் நிறுத்தும் அறையில் ஒன்றே ஒன்றை வைத்து, குளியலறைகளையும் வீட்டின் வெளிப்புறத்தையும் அதனோடு சேர்த்துவிட்டார்கள். குளியலறையில் மின்சாரம் வரவில்லை என்று நண்பர் ஒருவர் இரண்டு மாதம் தலைவாரும் கருவியைப் படுக்கையறையில் வைத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். கார் அறையில் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளை நகர்த்தியபோது, அவற்றின் பின்னால் ட்ரிப் ஆகிக் கிடந்த ஜி.எஃப்.சி.ஐ. தென்பட்டது. ரீசெட் பொத்தானை அழுத்தியதும் மாடிக் குளியலறைக்கு உயிர் வந்தது. பொத்தான் எளிதில் எட்டக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும் என்று 2011 பதிப்பு வலியுறுத்தியதன் அருமையை அன்று அவர் உணர்ந்தார்.

மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு கருவியுடனும் எழுதிக் கொடுக்கிறார்கள். அதைச் செய்கிறவர்களை நான் அரிதாகவே காண்கிறேன். ஓர் இரவு விளக்கையோ வானொலியையோ செருகி வைத்து, டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் அது அணைய வேண்டும். ரீசெட்டை அழுத்தினால் மீண்டும் எரிய வேண்டும். பொத்தானை அழுத்தியும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், அந்தக் கருவி பழுதாகியிருக்கிறது அல்லது தவறாக இணைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். 2015ஆம் ஆண்டின் நடுப்பகுதி முதல் தயாராகும் ஜி.எஃப்.சி.ஐ. ப்ளக் பாயின்ட்கள் அவ்வப்போது தம்மைத் தாமே சோதித்துக்கொண்டாக வேண்டும் என்று தரநிலை மாற்றப்பட்டது. அதற்கு முந்தியவை உள்ளே செத்துப்போயிருந்தும் மின்சாரத்தைத் தொடர்ந்து தந்துகொண்டிருக்கக்கூடும். வெளியிலிருந்து பார்க்கும்போது எந்த வேறுபாடும் தெரியாது. ஈரமும் இடிமின்னலும் தாக்கி 20 ஆண்டுகள் கடந்த ஒன்றை நான் நம்ப மாட்டேன். கடையில் விற்கும் செருகு சோதனைக் கருவியின் பொத்தானைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. அது எர்த் கம்பியின் வழியாகவே செயற்கைக் கசிவை உண்டாக்குகிறது. எர்த் இல்லாத பழைய வீட்டில் அதை அழுத்தினால், நல்ல ஜி.எஃப்.சி.ஐ.கூட ட்ரிப் ஆகாது. அத்தகைய வீட்டில் ப்ளக் பாயின்டின் முகப்பிலுள்ள டெஸ்ட் பொத்தானே சரியான சோதனை.

நம் வீடுகளுக்கு மட்டுமே உரிய ஒரு பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிரைண்டரைச் செருகியதும் ஜி.எஃப்.சி.ஐ. ட்ரிப் ஆகிறது, ரீசெட் செய்தால் மறுபடியும் ஆகிறது. உடனே, "இந்த ஊர் ப்ளக்குக்கு நம் கிரைண்டர் ஒத்துவரவில்லை" என்று சொல்லி, அதைத் தூக்கிக்கொண்டுபோய் உணவறையிலோ கூடத்திலோ உள்ள சாதாரண ப்ளக் பாயின்டில் செருகி அரைத்துவிடுகிறார்கள். இதைவிட ஆபத்தான செயல் வேறில்லை. ப்ளக் பாயின்ட் பழுதாக இருந்திருந்தால் மிக்சியைச் செருகும்போதும் அது ட்ரிப் ஆகியிருக்க வேண்டும். கிரைண்டருக்கு மட்டும் ஆகிறதென்றால், கசிவு கிரைண்டரில் இருக்கிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லும் ஒரே ஆளின் வாயை அடைத்துவிட்டு, கசியும் கருவியை ஈரக்கையுடன் தொடர்ந்து தொடுவதற்கு ஒப்பான செயல் இது. மோட்டாரைப் பிரித்துக் காயவைத்துச் சரிசெய்யும்வரை அதைத் தொடக்கூடாது. எங்கள் கிரைண்டரில் மாவுத் தண்ணீர் வழிந்து இறங்கிய இடம், உலோக உடலுக்குள் கம்பி நுழையும் ரப்பர் வளையம் வெடித்திருந்த இடம்தான்.

ஊரிலிருந்து 230 வோல்ட் கிரைண்டரையே கொண்டுவந்து, வோல்ட்டை உயர்த்தும் டிரான்ஸ்பார்மரின் துணையுடன் ஓட்டும் வீடுகளும் இருக்கின்றன. இங்கே மேலும் கவனம் தேவை. உள்ளே வரும் சுற்றும் வெளியே போகும் சுற்றும் தனித்தனியாக அமைந்த டிரான்ஸ்பார்மராக இருந்தால், அதற்கு அப்பால் நடக்கும் கசிவு சுவரில் உள்ள ஜி.எஃப்.சி.ஐ.யின் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். சுவரில் பொத்தான் இருக்கிறது என்ற தைரியத்தில் அந்தக் கிரைண்டரைத் தொடுவது பொருத்தமல்ல. இங்குள்ள மின்னழுத்தத்துக்கென்றே செய்த கிரைண்டரை வாங்கி, ஜி.எஃப்.சி.ஐ.யில் நேரடியாகச் செருகிப் பயன்படுத்துவதையே நான் பரிந்துரைக்கிறேன்.

காரணமின்றி ட்ரிப் ஆகி, குளிர்சாதனப் பெட்டியிலுள்ள உணவு முழுவதும் கெட்டுவிடும் என்ற குறையை எலக்ட்ரீஷியன்கள் சிலரே சொல்லக் கேட்டிருக்கிறேன். அக்குறையில் உண்மை இருக்கிறது. பழைய கருவிகளில் இது நடப்பதுண்டு. அதற்காகச் சமையலறை மேடைக்கு அருகிலுள்ள காப்பை அகற்றச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. கெட்டுப்போன உணவைக் கொட்டிவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம்.

அதே வேளையில், இந்தக் கருவியால் ஆகாதவற்றையும் சொல்லாமல் விடக்கூடாது. மின்சாரம் தாக்கும் உணர்வை அது இல்லாமலாக்குவதில்லை. சுரீரென்ற அந்தத் தாக்குதல் இருக்கும், ஆனால் அது நீடிக்காது. ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்துக்கொண்டு, நிலத்தோடு எந்தத் தொடர்பும் இன்றி நிற்பவரை அதனால் காப்பாற்ற இயலாது. போவதும் வருவதும் சமமாக இருப்பதால் அது அவரையும் ஒரு விளக்காகவே கருதும். படுக்கையறைகளுக்கான பிரேக்கர்களில் காணப்படும், தீப்பொறியால் நெருப்புப் பற்றாமல் தடுக்கும் ஏ.எஃப்.சி.ஐ. என்ற காப்பு வேறு. அதிலும் டெஸ்ட் பொத்தான் இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று எண்ணிக் குழம்புகிறவர்கள் உண்டு. இரண்டு பணிகளையும் சேர்த்துச் செய்யும் கருவிகளும் இப்போது கிடைக்கின்றன. எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

தலைமுடி உலர்த்தும் கருவியின் ப்ளக் மட்டும் அமெரிக்காவில் பெரிய பெட்டி போல, பொத்தானுடன் இருப்பதைப் புதிதாக வந்தவர்கள் வியப்புடன் பார்ப்பதுண்டு. தண்ணீரில் விழுந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் அந்த அமைப்பு இல்லாத உலர்த்தியை, 2011இல் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பெரும் ஆபத்துக்குரிய பொருளாக அறிவித்தது. ஊரிலிருந்து கொண்டுவரும் உலர்த்திகளில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. அவற்றை ஊரிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

வெளிநாடு வாழ் தமிழர்களுக்கான பக்கத்தில், பெற்றோர்கள் விமானம் ஏறும் பருவத்துக்கு முன்பாகவே இக்கடிதத்துக்கு இடம் தர வேண்டுகிறேன். பிள்ளைகள் செய்ய வேண்டியது ஒரு மாலை நேர வேலை மட்டுமே: வீடு கட்டிய ஆண்டைக் கண்டறிந்து, சமையலறை மேடை, குளியலறை, துணி துவைக்கும் இடம், கார் அறை, வெளிப்புறம் என ஒவ்வோர் இடத்திலும் ஒரு விளக்கைச் செருகி, எந்தப் பொத்தானை அழுத்தினால் எது அணைகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். எதை அழுத்தியும் அணையாத இடம் சிங்க்குக்கு அருகில் இருந்தால், அம்மாவின் கிரைண்டரை அங்கே வைப்பதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். அம்மா அப்பாவிடம், கை சுர்ரென்று இழுத்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். என் தாயார் சில வாரங்கள் எங்களிடம் சொல்லாமல் இருந்தது, பிள்ளைக்கு வீண் சிரமம் வேண்டாம் என்ற எண்ணத்தால்தான்.

தங்கள் உண்மையுள்ள,
மின்பொறியாளர் ஒருவர்,
நியூ ஜெர்சி